ஓடையில் கிடந்த நாவல் மரம்

2011 கடைசியில் அடித்த புயலில் என் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்தது. சாய்ந்ததெல்லாம் விறகாகி லாரியில் போன பிறகு, ஓடைக்குக் குறுக்கே விழுந்த நாவல் மரம் மட்டும் மிச்சம் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் லாரி இறங்காது.

கோடை மழையில் ஓடை ஓடியபோதுதான் கவனித்தேன். மேட்டிலிருந்து வந்த செம்மணல் மரத்துக்கு மேல்பக்கம் தேங்கிப் படுக்கை போட்டிருந்தது. மரத்தைத் தாண்டி விழுந்த தண்ணீர் கீழே மண்ணைக் குடைந்து ஒரு மடுவை உண்டாக்கியிருந்தது. குடையை விட்டு அளந்தேன். மேலே மணல் இரண்டு சாண். கீழே கைப்பிடி வரை தண்ணீர். எதையாவது அளக்காமல், எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.

ஆடியில் நாற்பது முந்திரிக் கன்று வைத்தேன். மடுவில் மொண்டு ஊற்றுவதற்காகச் செம்மண்டலத்து வீட்டிலிருந்து தினம் பஸ் ஏறுவேன். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப எனக்கிருந்த காரணம் அது ஒன்றுதான்.

எதிர்க்கரை நிலம் மனைவியின் தம்பியுடையது. மரம் தண்ணீரை அவன் பக்கம் திருப்பிவிட்டதில், ஒவ்வொரு மழைக்கும் கரை சரிந்து சரிந்து அவனுடைய மோட்டார் கொட்டகையை நெருங்கியது.

"மாமா, இன்னும் ஒரு மழை பேஞ்சா கொட்டாய் ஓடைக்குள்ளதான். மரத்த எடுத்துடலாம்."

"இன்னும் நாலு முழம் இருக்கு மச்சான். அளந்துட்டேன்."

"நீங்க அளந்துக்கினே இருங்க. மோட்டாரு கடல்ல போயி மீன் புடிக்கட்டும்."

அவன் சொன்னது நியாயம். மெஷின் ரம்பம் கொண்டுவந்து மரத்தை அறுத்து, துண்டுகளைக் கரையேற்றினான். அடுத்த மழைக்கு அவன் கரை நின்றது. ஆனால் தேங்கியிருந்த மணல் மொத்தமும் கிளம்பி வந்து மடுவைத் தூர்த்துவிட்டது. குடையை ஊன்றிப் பார்த்தேன், நுனிதான் ஈரமானது.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. மோட்டாரிலிருந்து ஓடையைத் தாண்டி என் தோப்புக்கு ஓஸ் குழாய் இழுத்துவிட்டான்.

"இனிமே எதுக்கு மாமா பஸ்ஸுல அலையுறீங்க? நானே தண்ணி வுட்டுடறேன். ஊட்ல ரெஸ்ட் எடுங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அகப்படவில்லை.

அதன்பின் சாயங்காலங்களில் போன் செய்வான்.

"நாப்பதும் நல்லா இருக்கு மாமா."

"ரெண்டு போன மாசமே காஞ்சுபோச்சே. எண்ணுனியா?"

"அப்ப முப்பத்தெட்டு. வச்சுடறேன் மாமா, மோட்டாரு ஓடிக்கினு இருக்கு."

மடுவைத் தூர்த்த அந்த மணல் இப்போது எது வரைக்கும் போயிருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். வைத்துவிட்டான்.