பின்னால் வந்த பொன்னாடை

ஸ்ரீஸ்கந்தராஜாவைக் 'கராட்டிக்காரர்' என்றால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "கராட்டி இல்லை அண்ணை, சின் நா. சீனக்கலை. அடிக்கிறதில்லை, பிடிச்சு மடக்கிறது மட்டும்தான்," என்று லண்டன் ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் ஆட்களை மறித்து விளக்கம் சொல்வார். ஒருவரையும் நோகடிக்காத மனிதர் என்று பெயரெடுப்பதில் அவருக்கு அப்படியொரு ஆசை.

எண்பத்தாறில், விமான நிலையத்தில் துப்புரவு ஷிப்ட் முடித்து பஸ்ஸுக்கு நின்றவரை, நிறவெறி பிடித்த மொட்டைத்தலை வெள்ளை இளைஞர்கள் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்து விழுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் லாவ் என்ற சீனரிடம் போனார். மணிக்கட்டை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் திருகினால் ஆள் மண்டியிடுவான் என்று வருடக்கணக்கில் பழகினார். பிடிபட்டவர் தரையில் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். அது அங்கே சட்டம். பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் காசு வாங்காமல் தானும் சொல்லிக்கொடுத்தார்.

தொண்ணூற்று நாலில், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்த நினைத்தார்கள், அவருக்குச் சொல்லாமலே. முன்வரிசையில் இருந்தவரின் பின்னால் பூனை மாதிரி வந்து தோளில் ஆடையை விரித்தார் தலைமை ஆசிரியர் கனகலிங்கம் மாஸ்டர். எழுபது வயது மனிதர்.

அவ்வளவுதான். மணிக்கட்டு திருகுப்பட்டு மாஸ்டர் மண்டியிட்டார். "ஐயோ, கை! கை!" என்று அலறினாரே தவிர, பாவம், தட்டத் தெரியவில்லை. நாலு பேர் இழுத்த பிறகுதான் பிடித்திருப்பது யாரை என்று ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குத் தெரிந்தது.

நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவருக்கு.

"பிழை என்ரை, தம்பி. நான் முன்னாலை வந்திருக்கவேணும்," என்றார் மாஸ்டர், வீங்கிய கையைத் தடவிக்கொண்டு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"இனி எல்லாரும் எனக்குக் கிட்ட வரப் பயப்பிடப்போகினம்," என்று வீட்டில் மனைவி வத்சலாவிடம் குமுறினார்.

"நான் எத்தினை வருசமாக் குரல் குடுத்திட்டுத்தானே உங்களுக்குக் கிட்ட வாறன்?" என்றாள் அவள்.

உண்மைதான். 'நான்தான் வாறன்', 'தேத்தண்ணி கொண்டுவாறன்' என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் வருவாள். அதை மரியாதை என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்! வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கசங்கிய பொன்னாடையை அவளிடம் நீட்டினார். முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"பின்னாலை நிண்டு நீர் போர்த்துவிடும். கையை எடுக்கமாட்டன்."

வத்சலா பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு முன்னால் வந்து போர்த்திவிட்டாள்.