உடும்பும் நாலெழுத்துக் குறிகளும்

என் அண்ணிக்கு அவள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் உடும்பு. கேட்டதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகி வந்த வாரமே, மூன்று குழாய்க்காரர்கள் கையை விரித்துவிட்டுப் போன ஒழுகலை, தரையில் படுத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்துக் கண்டுபிடித்தவள் அவள். அன்றைக்கு மிரண்ட அண்ணனுக்கு இன்னும் தெளியவில்லை.

முப்பது வயதுவரை ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு கணினி நிரல் எழுதக் கற்றாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அண்ணி அதை மறக்கவும் இல்லை, சொல்லிக்காட்டவும் இல்லை. இப்போது நாற்பத்திரண்டு. இருப்பது ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஒப்பந்த வேலை. இந்த வருடம் நிரந்தரமாக்கிவிடுவதாகக் குழுத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் நர்ஸ். எங்கள் மருத்துவமனையின் பழைய நிரலைப் புதிய கணினி மொழிக்கு மாற்றும் வேலை அண்ணியின் குழுவுக்குக் கிடைத்தது. பழைய நிரலை எழுதியவர் யாரோ மகா சிக்கனக்காரர். எந்த மருந்து ஒருவருக்கு ஆகாது என்பதையெல்லாம் நாலெழுத்துக் குறியாகச் சுருக்கி, ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்திருந்தார். கணினி அந்த நாலு எழுத்தையும் ஒன்றாக அமுக்கி, ஒரே எண்ணாகச் சேமித்துக்கொள்ளும். புதிய மொழிக்கு யூனிகோட் புண்ணியத்தில் உலகத்து எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் ஒற்றை மேற்கோளுக்குள் ஒரே ஓர் எழுத்துதான் இருக்கலாம், மீறினால் பிழையென்று கத்தும். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. ஒரு கட்டிலில் நாலு நோயாளிகளைப் படுக்கவைத்தால் எங்கள் தலைமை நர்ஸும் அப்படித்தான் கத்துவார்.

புதிய மொழி இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் கத்தியது. அண்ணி ஒற்றை மேற்கோளையெல்லாம் இரட்டையாக மாற்றினாள். சேமித்த எண்களைத் திரும்ப எழுத்தாகப் பிரிக்கவும் வழி செய்தாள். சில இடங்களில் சரியான குறிக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்துகள் தலைகீழாகக் கிடந்தன. யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டிய குப்பை என்று அவற்றை அழித்தாள். கத்தல் நின்றது. குழுவே கை தட்டியது. அடுத்த திங்கட்கிழமை புதிய நிரல் ஓடும் என்று முடிவானது.

அந்த வார வியாழன் மாலை, சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். சோதனை ஓட்டத்தில் பழைய நோயாளிகள் சிலருக்கு மருந்து எச்சரிக்கைக் கட்டம் காலியாக வருகிறதாம்.

"அந்தக் கட்டம் காலியா இருந்தா நீங்க என்னன்னு எடுத்துப்பீங்க?"

"ஆகாத மருந்துன்னு எதுவும் இல்லைன்னு அர்த்தம். ஊசியப் போட்டுட்டுப் போயிட்டே இருப்போம்."

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. நாங்கள் அப்படித்தான் வேலை செய்கிறோம். நினைவில்லாமல் வருகிறவரிடம் எதைக் கேட்பது? கட்டம் காலியென்றால் கை முன்னே போகும். அவளுடைய குழுவோ, காலியென்றால் விவரம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலையிலேயே விஷயம் பிடிபட்டது. பழைய நிரல் வந்த முதல் நாலு வருடம் மருத்துவமனையில் இருந்தது வேறு வகைக் கணினி. அது எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் அடுக்கி எண்ணாக்கியது. அதை எழுதியவர் அதற்காகத்தான் தலைகீழ்க் குறிகளையும் எழுதிவைத்திருந்தார். அண்ணி அழித்தது குப்பை இல்லை. அறுபத்து மூன்று பேருடைய எச்சரிக்கை.

குழுத் தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் தேதியென்றால் உயிர். ஆயிரக்கணக்கான பதிவுகளில் அறுபத்து மூன்றுதானே, முதலில் ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தத் தலைகீழ்க் குறிகளைத் திரும்பப் போட்டால் அரை நாளில் முடிந்துவிடுமே என்றும் கேட்டார். வேறு எதை அழித்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை, அறுபத்து மூன்றையும் காகிதக் கோப்போடு ஒப்பிட்டால்தான் நம்புவேன் என்றாள் அண்ணி. மருத்துவமனை மேலாளர் இருந்த கூட்டத்தில் எழுந்து நின்றே சொல்லியிருக்கிறாள்:

"அழிச்சது நான். அத நான் சரி பாக்காம திங்கட்கிழமை இது ஓடக்கூடாது."

ஓடவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போனது. கூடவே அவளுடைய நிரந்தரமும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. தப்பை ஒப்புக்கொண்டதற்குத் தண்டனையா என்று அண்ணனிடம் எகிறினேன். அவன் பாவம், தலையைச் சொறிந்தான். அண்ணி தினமும் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, அடித்தளத்துக் கோப்பறையில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடையாளம் தெரியாத குறி வந்தால் கட்டத்தைக் காலியாக விடாமல் 'தெரியாது, விசாரிக்கவும்' என்று சிவப்பில் காட்டும்படியும் எழுதிவிட்டாள்.

புதிய நிரல் ஓடியிருக்க வேண்டிய அந்த வாரம், புதன்கிழமை மதியம், ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவரை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். காலில் ஆழமான காயம். கூட வந்தவருக்கு அவர் பெயர் தெரியும், வேறொன்றும் தெரியாது. டாக்டர் பெனிசிலின் எழுதினார். மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தேன். பழைய நிரல், பழைய கட்டம். பெனிசிலின் ஆகாது என்று இருந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார். இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு அது.

அவரை வார்டுக்கு அனுப்பினேன். கீழே கோப்பறைக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லிப் பதிவு எண்ணைப் படித்தேன். அண்ணி காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அறுபத்து மூணுல நாப்பத்தோராவது ஆளு," என்றாள். "அவரு நல்லா இருக்காரா?"

"இருக்காரு அண்ணி. கண்ணு முழிச்சுட்டாரு."

"நான் இன்னும் இருபத்தாறுலதான் இருக்கேன். வெச்சிடறேன்."