இல்லாத ஸ்பிரிங்

அடுத்தவர் ஆரம்பித்த பேச்சை முடித்துவைத்துவிட்டுத்தான் சைலஸ் டாபின் காப்பியைக் கையில் எடுப்பார். பாஸ்டன் துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் நோரா, "இன்னிக்கு பீன்ஸ் கொஞ்சம்..." என்று இழுத்தால், "அடிப்பிடிச்சிடுச்சு" என்பார். "ஏன் ஐயா, என்னைப் பேசவே விடமாட்டீங்களா?" என்று அவள் அலுத்துக்கொள்வாள். சுவரில் படம் சாய்ந்திருந்தால் நிமிர்த்தாமல் உட்காரமாட்டார். அரைகுறையாக ஒன்று கண்ணில் பட்டால் போதும், மனுஷனுக்குக் கை பரபரக்கும்.

காப்புரிமை வழக்குகளுக்குப் படம் வரைவது அவர் பிழைப்பு. மின்விளக்கு வந்தாலும் வந்தது, நான்தான் முதலில் செய்தேன் என்று கோர்ட்டுக்கு ஓடாத ஆள் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த பழைய காகிதங்களை வக்கீல்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். நீதிபதிக்குப் புரியும்படி அவற்றைச் சுத்தமாகத் திருப்பி வரைந்து தருவார். கண் போயிற்று, முதுகும் போயிற்று. "எவன் முதல்ல செஞ்சா என்னய்யா, தெருவுல வெளிச்சம் இருக்குல்ல?" என்று சலித்துக்கொள்வார்.

இந்தத் தடவை வழக்கு ஆம்ப்ரோஸ் ரூட்டுடையது. இளவயதில் ஒரே அறையில் ஒன்றாகப் பட்டினி கிடந்த சிநேகிதன். விளக்கில் எரியும் கரிக்குச்சி நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அதை முதலில் யோசித்தது யார் என்பதுதான் சண்டை. தோற்றால் ரூட்டின் பட்டறைக்குப் பூட்டு. ரூட்டின் பழைய படத்தைக் கோர்ட்டுக்காக நகல் எடுத்துக் கொடுத்தது டாபின்தான்.

வாக்குமூல அறையில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார். டாபினின் நகலில் ஸ்பிரிங் அழகாகச் சுருண்டிருந்தது. ரூட்டின் பழைய படத்தில் அந்த இடம் வெறுமனே கிடந்தது.

"இதைப் போடச் சொன்னது யாரு?"

டாபின் குனிந்து இரண்டையும் பார்த்தார். அது இல்லாவிட்டால் குச்சி நிற்காதே என்று கை தானாகப் போட்டுவிட்டிருக்கிறது. போட்டதே இப்போதுதான் தெரிகிறது, பாவி!

ரூட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அப்பவே நான் வாயால சொன்னேனேடா சைலஸ்! சொன்னேன்னு சொல்லேன்டா!"

சொன்னதாக டாபினுக்கு நினைவே இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தேவலை என்றிருந்தது.

"உட்காருங்க மிஸ்டர் ரூட்," என்றார் வக்கீல். "சத்தியப்பிரமாணம் பண்ணியிருக்கீங்க, மிஸ்டர் டாபின். ரெண்டு படமும் ஒண்ணுதானா?"

டாபின் ரூட்டின் பக்கம் திரும்பவில்லை. தன் நகலை இழுத்து, ஸ்பிரிங்கின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார்.

"இப்ப ஒண்ணுதான்," என்றார்.