முழுப் பெயர் கொள்ளாத இயந்திரம்

ஜெனிக்கும் ஜோபினுக்கும் அப்பா எழுதுவது. மக்களே, இந்த வளைகுடா நாட்டில் விடிந்ததும் எனக்கு முதலில் நன்றி சொல்வது ஓர் இயந்திரம். கப்பல் பட்டறை வாசலில் விரலை வைத்தால் ஒரு பெண்குரல் ‘தேங்க் யூ’ என்கிறது. மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் முதலாளி ஏறிட்டுப் பார்த்தாலே வருகைப் பதிவுதான். நன்றியெல்லாம் கிடையாது.

அந்தப் புது இயந்திரத்தின் கம்ப்யூட்டர் புரோகிராமைக் கவனிப்பது என் வேலை. புரோகிராம் ஜாவாவில் எழுதியது. விரல் கருவியோடு பேசுவதற்கு மட்டும் நடுவில் சி மொழியில் ஒரு துண்டு. ஜாவாவில் தப்பு வந்தால் இன்ன தப்பு என்று சொல்லும். சி துண்டு ஒன்றும் சொல்லாது. ஜாவாவையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக விழும், இயந்திரம் நின்றுபோகும். அப்படித்தான் தினமும் விழுந்தது, அதுவும் நம்மூர்க் கடற்கரை ஆட்கள் விரல் வைக்கும்போது மட்டும்.

மேற்பார்வையாளர் யூசுப், எகிப்துக்காரர், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “மீன்காரர் விரல். உப்பு. கழுவச் சொல்.”

குளச்சல் பக்கத்து அந்தோணி எலுமிச்சையும் சோப்பும் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தான். மறுபடியும் விழுந்தது.

“அண்ணே, இனி தோலத்தான் உரிக்கணும்,” என்றான். சிரித்தானே தவிர உள்ளுக்குள் பயம். வருகை பதியாவிட்டால், கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காது.

விழும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு மிஞ்சும். கடைசியாக ஓடிய வேலை எதுவென்று அதில் இருக்கும். எல்லாக் கோப்பிலும் ஒரே வேலைதான்: விரலுக்குரிய பெயரை எடுத்துத் தருவது. அப்படியானால் விரலில் குற்றமில்லை. சி துண்டு பெயருக்கு ஒதுக்கிய இடம் சின்னது. கடற்கரைக்காரரின் பாஸ்போர்ட் பெயரிலோ புனிதர், தாத்தா, அப்பா எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். இடம் போதாமல் மிச்ச எழுத்துகள் பக்கத்து நினைவகத்தில் வழிந்து அதைக் கெடுத்திருக்கின்றன. சோதித்துப் பார்த்தபோது நான் என் பெயரை ‘ராஜன்’ என்று மட்டும் ஏற்றியதால் எனக்கு அது தெரியவே இல்லை.

“பெயரை வெட்டு, முடிந்தது,” என்றார் யூசுப்.

“அப்பனுக்க பேர வெட்டண்டாம் அண்ணே,” என்றான் அந்தோணி. “பாஸ்போர்ட்டில ஒண்ணு, இங்க ஒண்ணுன்னா, ஏர்போர்ட்டில நீ ஆருலேன்னு கேப்பினும். மிஷின நேராக்கும்.”

இடத்தைப் பெரிதாக்கி, அளவு பார்த்த பிறகே பெயரை வைக்கும்படி மாற்றினேன். மறுநாள் அந்தோணி விரல் வைத்தான். ‘தேங்க் யூ’ வந்தது. “ஆயிக்கோட்டு,” என்று, ‘சரி, இருக்கட்டும்’ என்பதுபோல, இயந்திரத்துக்கே பதில் சொன்னான். லீவும் கிடைத்தது.

எல்லாரும் உள்ளே போன பிறகு என் பெயரை அழித்துவிட்டு, ஊர், தாத்தா, அப்பா எல்லாரையும் சேர்த்து மாங்காட்டுவிளை தேவசகாயம் ஞானசிகாமணி ராஜன் என்று ஏற்றி விரல் வைத்தேன். சின்னத் திரை, பெயர் நகர்ந்து நகர்ந்துதான் போகும். ராஜன் வந்து சேரும்போது மாங்காட்டுவிளை திரையை விட்டுப் போயிருந்தது. இன்னொரு தடவை விரலை வைத்தேன்.