நாற்பத்தைந்து நிமிட ஜோதி

எங்கள் கம்பனி பஸ்ஸில் ஜோதியை யாரும் ஜோதி என்று கூப்பிடுவதில்லை. ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். மாதனூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர் எங்களுடையது. காலை ஏழே முக்காலுக்கு நானும் அவளும் ஒரே இடத்தில் ஏறுவோம். ஆம்பூரில் ஷூ கம்பனி வாசலில் இறங்க நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தால் அவள் வாய் மூடாது. சாயந்திரம் திரும்பும்போது இன்னொரு நாற்பத்தைந்து நிமிடம்.

வெறும் பேச்சாக இருந்தால் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டிருப்போம். ஜோதி ஆட்களை அப்படியே செய்து காட்டுவாள். எங்கள் சூப்பர்வைசர் புகழேந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "டார்கெட் இன்னா ஆச்சி? நான் மேல இன்னா பதில் சொல்றது?" என்று கேட்பதைச் செய்தால், பின் சீட்டில் தூங்குகிறவள்கூடத் திடுக்கிட்டு எழுந்திருப்பாள். நான் வீட்டுக்குப் போன் செய்து உருதுவில் பேசிக்கொண்டே நடுவில் தமிழில் திட்டுவதையும் ஒரு நாள் செய்தாள். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போன் பேசும்போது என் குரலை நானே கவனித்தேன். அவள் செய்தது சரிதான்.

இவ்வளவும் பஸ்ஸில்தான். இறங்கித் தெருமுனை திரும்பியதும் அவள் முகம் மாறிவிடும். அவளுடைய மாமியார் ஜெயம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "எங்க மருமக வாயில்லாப் பூச்சி, பில்கிஸு. கம்பனில எப்டித்தான் பொழைக்குதோ." நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவேன். சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். கல்யாணமாகி ஐந்தாம் நாளாம். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, இவர்கள் கல்யாணத்தை முடித்துவைத்த தரகர் மாதிரி பேசிக் காட்டியிருக்கிறாள். "பையன் தங்கம்மா, தங்கம்" என்று சொல்லிச் சொல்லி அவர் வெற்றிலையைத் துப்ப இடம் தேடுவதைச் செய்துகொண்டிருந்தபோதே, புருஷன் செல்வகுமார் பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் மாமனார் ராமலிங்கம் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த வூட்ல பொம்பளைங்க கூத்தடிக்கிற பழக்கம் இல்லமா" என்றார்.

"மாமா சொன்னது கூட பரவால்லக்கா. பெரிவங்க, சொல்வாங்க. அவரு எழுந்து போனாரு பாரு, அதான். அவருக்கும் புடிக்கலனு தெரிஞ்சிபோச்சி. அன்னியோட நிறுத்திட்டேன்."

மாமனார் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் வீட்டில் அந்த வாய் திறக்கவில்லை. செல்வகுமார் கெட்டவர் இல்லை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுவார், பஸ் ஓட்டவும் லைசென்ஸ் உண்டு. இவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார், இவள் போனைத் தினமும் அவர்தான் சார்ஜில் போடுவார். பேச்சுதான் கம்மி. "சாப்ட்டியா", "ம்", "ரீசார்ஜ் பண்ணணுமா", "ம்". ஒன்பது வருடக் குடித்தனம் இதில்தான் ஓடியது.

போன மாதம் எங்கள் டிரைவர் சத்தார் பாய் கண் ஆபரேஷனுக்குப் போனார். ஒரு மாதத்துக்கு மாற்று டிரைவராக வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? செல்வகுமார்தான். முந்தின நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நாளைலேர்ந்து உங்க பஸ்சு" என்று சொன்னாராம். அவ்வளவுதான்.

முதல் நாள் ஜோதி மூன்றாவது சீட்டைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் எழவு வீடு மாதிரி இருந்தது. நாற்பது பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டே ஆம்பூர் வரைக்கும் போனோம். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பக்கத்து சீட்டு அஃப்ரோஸ் என் காதில், "அந்த ஆள இறக்கிட்டு நாமளே ஓட்டினு போய்டலாம்கா" என்றாள். அவள் வாய்க்கு அளவே கிடையாது.

வெள்ளிக்கிழமை ஜோதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஹைவேயில் நிற்கிற எங்கள் கம்பனியின் இன்னொரு பஸ்ஸுக்கு மாற்றித் தரும்படி எழுதியே வைத்துவிட்டாளாம். அதற்குத் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

"பைத்தியமா உனக்கு? அங்க உன்ன யாருக்குத் தெரியும்?"

"தெரியாதவங்க கிட்டகூட பேசிடுவேன்கா. அவரு முன்னாடி முடியாது. எனக்குனு இருக்கறது இந்த பஸ்சு ஒண்ணுதான். இங்கயும் அவரு மூஞ்சி சுளிச்சிட்டா, அப்புறம் நான் எங்க பேசுவேன்?"

புகழேந்தியையே செய்து காட்டுகிறவள் சொந்தப் புருஷனுக்குப் பயப்படுகிறாள். திங்கட்கிழமை கொடுக்கலாம், அதுவரை பொறு என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாயந்திரம் திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஒரு கூட்ஸ் போய், அடுத்த ரயிலுக்கும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். செல்வகுமார் இஞ்சினை அணைத்தார். எங்கள் பஸ்ஸில் இஞ்சின் நின்றால் பக்கத்து ஆள் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அந்த அமைதியில், திரும்பிப் பார்க்காமலே அவர் பேசினார்.

"அந்த வெள்ளைக்காரரு ஷூவ மோந்து பாத்த கதைய சொல்லச் சொல்லுங்களேன்."

யாரிடம் சொல்கிறார் என்று எங்களுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அஃப்ரோஸ்தான் கேட்டாள். "உங்களுக்கு யார்ணா சொன்னது?"

"சத்தார் பாய் சொன்னாரு. பஸ்ஸ குடுக்கறப்ப. பிரேக்கு கொஞ்சம் லேட்டா புடிக்கும், மூணாவது சீட்ல ஒரு ரேடியோ இருக்கு, அது பேசறப்ப கண்ணாடில பாக்காத, ஸ்டேரிங் போய்டும்னாரு. பேரு இன்னானு கேட்டேன். ஜோதினாரு." ஸ்டேரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார். "ஆறு நாளா பாக்கறேன். ரேடியோ வேலை செய்யல."

பஸ் முழுவதும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. ஜோதியின் முகம் சிவந்து கிடந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மூன்றாவது சீட்டருகே நிறுத்தினேன். செய்வாளோ மாட்டாளோ என்று எனக்கே சந்தேகம்தான்.

அப்புறம் மெல்ல ஆரம்பித்தாள். ஆர்டர் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒரு ஷூவை எடுத்து மோந்து பார்த்தாரா, உடனே மேனேஜர் இன்னொன்றை எடுத்து மோந்தார், மேனேஜரைப் பார்த்துப் புகழேந்தியும் மோந்தார், புகழேந்தி எடுத்ததோ வாசலில் கழற்றி வைத்திருந்த யாருடைய செருப்போ. அந்தச் செருப்பை மோந்த முகத்தை ஜோதி செய்து முடிப்பதற்குள் அஃப்ரோஸ் சீட்டிலிருந்து கீழே விழுந்துவிட்டாள். செல்வகுமார் ஸ்டேரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கேட் திறந்ததே அவருக்குத் தெரியவில்லை. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

எங்கள் ஊர்தான் கடைசி நிறுத்தம். பஸ் அங்கேதான் இரவு நிற்கும். எல்லோரும் இறங்கிப் போய் நாங்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சினோம். ஜோதி படியில் நின்றுகொண்டே அவரைக் கேட்டாள்.

"அன்னிக்கி ஏன் எழுந்து போனீங்க?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"சிரிப்பு வந்துடுச்சி. அப்பா பக்கத்துல உக்காந்துனு இருந்தாரு. அவரு எதிர்ல சிரிச்சா பேஜாராயிடும். மாட்டுக் கொட்டாய்க்குப் போய் சிரிச்சேன். திரும்பி வந்தா நீ பாத்திரம் வெளக்கினு இருந்த. இன்னொரு நாள் செய்வனு பாத்தேன். நீ செய்யவே இல்ல."

"செய்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்டி கேக்கறதுனு தெரில."

ஜோதி அழுவாள் என்று நினைத்தேன். எனக்குத்தான் கண் கலங்கியது. அவளுக்கு வந்தது கோபம். "ஒம்பது வருசம்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். அவர் பஸ்ஸைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். தெருவில் அவள் குரல் கேட்டது. "எப்டி கேக்கறதுனு தெரில", "எப்டி கேக்கறதுனு தெரில" என்று அவரை மாதிரியே முனகிக் காட்டித் திட்டிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பிய பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னா பில்கிஸு, எங்க வூட்டுப் பொண்ணுக்கு கம்பனில இன்னாத்த குடுத்தீங்க? நேத்து என்ன மாரியே பேசிக் காட்டுது. நான் அப்டியா பேசறேன்?" என்று கேட்டார். ஜோதி பஸ்ஸில் செய்து காட்டுகிற மாதிரி அப்படியேதான் பேசினார்.

திங்கட்கிழமை காலை ஜோதி ஏறி மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் மாற்றச் சொல்லி எழுதின காகிதத்தை எடுத்து முகம் துடைத்துக்கொண்டாள். வழியில் எல்லோரும் ஏறி முடிந்ததும் நாற்பது பேரும் அவள் வாயையே பார்த்தோம். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு என் காதில் சொன்னாள்.

"இன்னிக்கி நீங்க யாராச்சும் பேசுங்கக்கா. வூட்ல பேசிப் பேசி தொண்ட கட்டிக்கிச்சி."