அத்தை திருத்திய கதை

கதை எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் கொஞ்சம் கர்வத்தோடுதான் பேசுவேன். சூரிய உதயத்தில் கதையைத் தொடங்காதீர்கள் என்பேன். உங்கள் தெருவில் யாரும் பேசாத தமிழை உங்கள் கதை மனிதர்களின் வாயில் திணிக்காதீர்கள் என்பேன். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே பேனாவை வையுங்கள் என்பேன். இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று போன மாதம் ஒரு கல்லூரியில் ஒரு பெண் கேட்டாள். என் அத்தை சொன்னது என்றேன். அத்தை எழுத்தாளரா என்றாள். இல்லை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தை இதையெல்லாம் எனக்கு ஏன் சொன்னாள் என்பதை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்களா என்று தெரியாது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பள்ளியில் இலக்கிய மன்றக் கதைப்போட்டி அறிவித்திருந்தார்கள். பெரிய எழுத்தாளராகிவிடுவது என்று நான் அதற்கு முன்பே முடிவு செய்திருந்ததால், போட்டி எனக்காகவே வைக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. சத்தமில்லாமல் செய்யக்கூடிய ஒரே விளையாட்டு எழுதுவதுதான் என்பதால் நான் எழுத்துக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கதையின் நாயகி ஓர் இளவரசி. செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டி அவளை எழுப்புவான். அவள் "அன்னையே, யான் துயருற்றேன்" என்று சொல்லி மாடத்தில் அமர்வாள். அமர்ந்தவள் கடைசிவரை எழுந்திருக்கவே மாட்டாள். இறுதியில், ஆகவே நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று முடித்திருந்தேன். கதையில் சண்டையே கிடையாது, இருந்தாலும் ஒற்றுமை இருப்பது நல்லது என்று பட்டது. நைனா தூக்கக் கண்ணோடு கேட்டுவிட்டு சூப்பர் என்றார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டதால் கண்ணீரே விட்டாள். முதல் வாசகர்களாக வீட்டாரை வைத்துக்கொண்டால் இதுதான் கதி. நான் ஆகாயத்தில் பறந்தேன்.

அத்தை மட்டும்தான் பறக்கவிடவில்லை. அவள் நைனாவின் ஒரே தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சோற்றுப் பையைக்கூட வைக்காமல் நின்றபடியே படித்தாள்.

"இன்னாடி இவ, கத பூரா குந்திக்கினே கீறா? ஒரு வேல செய்றாளா?"

இளவரசிகள் வேலை செய்யமாட்டார்கள் என்றேன். அப்படிப்பட்டவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது. அன்று அவளை வெறுத்தேன் என்றே சொல்லவேண்டும்.

அதே வாரம்தான் வீட்டில் பெரிய சண்டையும் நடந்தது. பொதட்டூர்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து அத்தையைப் பெண் கேட்டிருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்து ஐப்பசியில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. பெண்ணுக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்பது நைனா தரகரிடம் சொல்லியிருந்த பொய். அத்தை உண்மையில் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிப் பாரத்தைத் தூக்கி லாரியில் வைக்குமே, அந்த வண்டி. நாலைந்து வருடம் பேக்கிங்கில் நின்று, சூப்பர்வைசரிடம் கெஞ்சியும் சண்டை போட்டும், ஆண்கள் மட்டுமே ஏறிய அந்த சீட்டில் அவள் ஏறியிருந்தாள்.

"எனுக்கு வாணாம்ணா. வண்டிய வுட்டுட்டு உர மூட்ட நடுவுல குந்தினு நான் இன்னா பண்றது?" என்றாள் அத்தை.

"பொட்டப்புள்ள வண்டி ஓட்றான்னா எவன் வருவான்? தங்கச்சி சம்பளத்துல துன்னுக்கினு அவள ஊட்லயே வெச்சிக்கினான்னு நாளைக்கு என்னத்தான் பேசுவானுங்க. வர்றவங்க எதிர்ல நீ ஒண்ணும் பேசாத. பேஜாரு பண்ணாத" என்றார் நைனா.

நைனா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் அத்தை அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், அவர் இறங்கி வரவில்லை. நானோ என் இளவரசிக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வீட்டாரை உள்ளே விடுவார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். மற்ற நாட்களில் கேட்டைத் தாண்டிப் போகமுடியாத இடத்தில் அன்று பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு திரியலாம். அந்த வருடம் நானும் அம்மாவும் போனோம். நைனாவுக்கு அவருடைய கம்பெனியில் பூஜை. அத்தையின் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அத்தை ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சத்தத்துக்குச் சொந்தக்காரியாக ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

மறுநாளே அத்தை தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போட்டிக்கு அந்த இளவரசியத்தான் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள். வேறு என்ன எழுதுவது என்றேன். நேற்று பார்த்ததை எழுதேன் என்றாள். அதெல்லாம் கதையா என்று நான் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் எழுத வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பயிற்சி என்றுதான் சொல்லவேண்டும். ராட்சசப் பயிற்சி. வண்டி பயங்கர வேகமாகச் சென்றது என்று எழுதினால், "அது வேகமாவே போவாது, பொய் எழுதாத" என்பாள். அத்தை வீரமங்கை என்று எழுதினால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அன்று நான் என்ன செய்தேனோ அதை எழுது, வீரமா இல்லையா என்று கேட்கிறவர்கள் முடிவு செய்யட்டும் என்பாள். எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டேன் என்று ஒருநாள் முழுக்கத் திட்டினாள். வண்டியின் பேர், குடோனின் நிறம், லாரி டிரைவர் ஒருவர் கேலி பேசியபோது அவர் லாரியில் ஏற்றிய சரக்கை அவள் பேசாமல் மறுபடி கீழே இறக்கி வைத்தது, எல்லாம் உள்ளே வந்தன. கடைசியில் நீதி வைக்கலாமா என்றேன். "உன் கதைய கேட்டவங்களுக்கு மூள இல்லியா?" என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் ரொம்பக் கறாராக இருந்தாள். கம்பெனியையே பார்த்திராத ஒருவர், தூரத்து ஊரிலிருந்து வந்தவர் கேட்டாலும் முதல் வரியிலேயே புரிய வேண்டும். நைனா ஷிப்டுக்கும் அம்மா தண்ணீர் பிடிக்கவும் போன நேரமாகப் பார்த்து, தினமும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படிக்கும்போது வேண்டுமென்றே இருமினாள், பாத்திரத்தை உருட்டினாள். யார் இருமினாலும் முறைத்தாலும் நடுவில் நிறுத்துகிறவள் எழுத்தாளர் இல்லை என்றாள். நான் நிறுத்தாமல் படிக்கப் பழகினேன்.

பொதட்டூர்பேட்டைக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், தரகர். கேசரியும் பஜ்ஜியும் போனபிறகு அத்தை பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்து, கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் நின்றாள். பெரியவர்களுக்குப் பேச்சு தீர்ந்துபோனால் பிள்ளைகளைத்தான் பிடிப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டு, ஒரு பாட்டு பாடேன் பாப்பா என்றார். எனக்குப் பாட்டு வராது. நைனாதான் பெருமையாகச் சொன்னார்.

"அது கதையெல்லாம் எழுதுங்க. பாப்பா, அந்த இளவரசி கத கீதே, அதப் படி."

இளவரசி செத்து மூன்று வாரம் ஆனது அவருக்குத் தெரியாது. நான் நோட்டைப் பிரித்தேன். எதிரே தூரத்து ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? "என் அத்தை கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள்" என்று தொடங்கினேன்.

நைனா இருமினார். நான் நிறுத்தவில்லை. அம்மா உள்ளே எதையோ போட்டு உடைத்தாள். நான் நிறுத்தவில்லை. லாரி டிரைவர் கட்டத்தில் மாப்பிள்ளை சிரித்துவிட்டார், அவருடைய அம்மா பார்த்த பார்வையில் உடனே வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அத்தையிடமே கேட்டார்.

"இன்னாமா, குழந்த படிக்கிறது நெசமா?"

"ஆமாங்க. அடுத்த மாசம் பெரிய வண்டி குடுக்கறாங்க" என்றாள் அத்தை. 

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. அவர்கள் செருப்பு மாட்டும்வரை வாசலில் நின்று படித்தும்கூட முடிக்க முடியவில்லை.

நைனா என்னைத்தான் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். "உனுக்கு இத்த யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுதுகிற எவரிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே எழுதினேன் என்று கத்தினேன். நைனா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை எச்சில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பல மாதம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வேதனை இரண்டு பேருக்குமே இருந்தது. பள்ளியில் என் கதைக்குப் பரிசு இல்லை. நீதி எதுவும் காணோம் என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அந்தக் கூடத்தில் அத்தைக்குப் பேச அனுமதி இல்லை, பதினொரு வயதுப் பெண்ணை யாரும் தடுக்கமாட்டார்கள் என்பதை அவள் கணக்குப் போட்டிருந்தாள். என்னைப் பகடைக்காயாக வைத்து ஆடினாளே என்று கல்லூரி நாட்களில் அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனாலும் அவள் சொன்னவற்றில் ஒன்றைக்கூட நான் இதுவரை கைவிடவில்லை. அவ்வளவு கருத்தாக என் எழுத்தை அதற்குப் பின் யாரும் படிக்கவில்லை.

அன்று மாலை நான் மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணம் நின்றதற்காக இல்லை, கடைசிப் பக்கத்தை யாரும் கேட்கவில்லை என்பதற்காக. அத்தை பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, படி, நான் கேக்கறேன் என்றாள். படித்தேன். சரக்கெல்லாம் ஏற்றி முடித்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, அத்தை இறங்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள் என்று கதை முடியும். வரிக்கு வரி அவளே திருத்தியது. மனப்பாடமாகவே தெரியும் அவளுக்கு. இருந்தும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். முடிவு அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.