பச்சையையும் சிவப்பையும் எனக்காகப் பார்த்தவர்

ரீட்டா அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு பஸ்ஸின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அவருடைய எண். அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசுவார். "என்னாக்கா, இன்னைக்கு என்ன விசேசம்?" என்றேன். மறுபக்கம் பேசியது அவருடைய மகள் ஜெனிட்டா. "மாமா, அம்மா காலையில எந்திரிக்கவே இல்ல. தூங்குறாங்கன்னுதான் நெனச்சோம்." சிரித்த குரலில் நான் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

பதுளைக் கராஜ்களோடு பழக்கமுள்ள உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்களுக்கு அவர் 'குஷன் அக்கா'. பஸ், வேன், லொறி என்று எந்த வண்டியின் சீட் கிழிந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவீர்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். குஷன் வேலை செய்துகொண்டிருந்த கணவர் இறந்ததும், அவருடைய தையல் மெஷினில் தானே உட்கார்ந்துவிட்டார். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். "இருக்காரு, பக்கத்துக் கடையில. ஆனா அவருக்கு ஊசி கோக்கத் தெரியாது" என்பார் அக்கா. அந்தப் பக்கத்துக் கடைக்காரன் நான். வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்பவன். கைவேலைக்காரரை எல்லோரும் கூப்பிடுவதுபோல் அக்காவும் என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். ஒரே முற்றம், ஒரே தகரக் கூரை. பதினைந்து வருடம் அப்படி இருந்தோம்.

நான் சொல்ல வந்தது அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி. உங்களில் சிலர் அதை எங்கள் முற்றத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டே சீட், மேலே துணிக் கூரை, தரையை ஒட்டிய பழைய இங்கிலீஷ் கார். ஓய்வுபெற்ற பள்ளி அதிபர், சிங்களவரான ரத்நாயக்க மாத்தயாவின் அப்பா தோட்டங்களுக்கு டாக்டராக இருந்த காலத்தில் ஓட்டியது. அப்பா போன பிறகு முப்பது வருடம் ஷெட்டில் கிடந்ததில் எலிகள் வயர்களைத் தின்றிருந்தன. மீதி இருந்ததும் தொட்டால் உதிர்ந்தது. மாத்தயா இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் மூலமாக அந்தக் காருக்கென்றே செய்த புது வயரிங் செட்டை வரவழைத்திருந்தார். பழையதை உருவிவிட்டுப் புதியதைப் போடுவது என் வேலை. இரண்டு சீட்டையும் புதிதாகச் செய்வது அக்காவின் வேலை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. பழுப்பும் கறுப்பும்கூட நிழலில் ஒன்றுபோலத்தான் இருக்கும். வயரிங் வேலைக்காரனுக்குக் கலர் தெரியாது என்றால் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? யாரிடமும் நான் சொன்னதில்லை. என் மனைவிக்கே அரைகுறையாகத்தான் தெரியும். ஜப்பான் வண்டிகளில் பிளக்கின் வடிவத்தைப் பார்த்தும், டெஸ்டர் பல்பை வைத்துத் தேடியும் சமாளித்துவிடுவேன். அந்த இங்கிலீஷ் காரில் அது நடக்கவில்லை. வயர்களின் முனைகள் எல்லாம் ஒரே மாதிரி. எது எங்கே போகவேண்டும் என்று சொல்வது கலர் ஒன்றுதான். செட்டோடு வந்த தாளில் பழுப்பு, பச்சை, சிவப்பு, பச்சையில் சிவப்புக் கோடு என்று வரிசையாக எழுதியிருந்தது. அன்றே வேலையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

பேட்டரியை இணைத்த அன்று அக்கா டிரைவர் சீட்டில் இருந்தார். புதுக் குஷனின் உயரம் சரிதானா என்று பார்ப்பதற்காக ஏறி உட்கார்ந்திருந்தார். பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வரும் பழுப்பு வயரை, எர்த்துக்கான கறுப்பு வயர் என்று நினைத்து, நான் காரின் இரும்புப் பாடியோடு இணைத்திருந்தேன். இணைத்த உடனே அவருடைய முழங்காலுக்கு முன்னால் இருந்து புகை கிளம்பியது. நான் வெறுங்கையால் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். உள்ளங்கை வெந்தது. அக்கா எப்படி இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது மழையில் நின்று இருமிக்கொண்டிருந்தார். புடவைக் கரையில் ஒரு கருகல். புது செட் பாதி உருகிப்போயிருந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய் என் கைக்குத் துணியை நனைத்துக்கொண்டு வந்து கட்டினார். பிறகு உருகாமல் மிஞ்சிய வயர்களைக் கையில் எடுத்து, எந்தக் கலரை எதோடு சேர்த்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாஸ், மெஷின் மேல நூல் கட்டை இருக்கு. அந்தச் செவப்ப எடுத்துக் குடுங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.

"இது பச்ச" என்றார். "எத்தன வருசமா?"

"பொறந்ததுலேருந்துக்கா."

"பதினோரு வருசமா பக்கத்துல இருக்கேன். என்கிட்டகூட சொல்லணும்னு தோணலியா?"

சாகப் பார்த்தேனே என்று அவர் கேட்கவில்லை. சொல்லவில்லையே என்றுதான் கேட்டார். காரிலிருந்து கிளம்பிய அந்தக் கருகல் நாற்றம் முற்றத்தை விட்டுப் போகவே இல்லை.

மறுநாள் மாத்தயா வந்தபோது, பழைய பேட்டரியால் இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். மாத்தயாவுக்குத் தமிழ் தெரியும். அதற்குமேல் வழியில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேற்று மனிதரிடம், "எனக்குக் கலர் தெரியாது, மாத்தயா" என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. காரின் முன்பக்கத்தை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப்போக ஆள் அனுப்புகிறேன் என்றார். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

"அனுப்பாதீங்க, மாத்தயா. சீட்டு வேலை முடியல" என்றார் அக்கா.

"நேற்று முடிந்ததாகச் சொன்னீர்களே?"

"தையல் சரியில்ல. பிரிக்கணும்."

மாத்தயா போனதும் அக்கா கத்தரியை எடுத்து, ஒரு குறையும் இல்லாத அந்தத் தையலை உட்கார்ந்து பிரித்தார். பத்து நாள் வேலை. "ஏன்க்கா இப்படி?" என்றேன். "காரு இங்க நின்னாத்தான் நீங்க சரி பண்ணலாம். தச்சது தப்புன்னா பிரிக்க வெக்கப்படக் கூடாது பாஸ். நான் உங்களுக்காக ஒரு தடவ பிரிக்கிறேன். நீங்களும் பிரிங்க."

இன்னொரு செட் இங்கிலாந்திலிருந்து வருவதாக இல்லை. நாங்களே செய்யத் தொடங்கினோம். ஒரு பலகையில் ஆணி அடித்து, கருகிய செட்டை விரித்து, அதே நீளத்தில், அதே கிளைகளோடு புது வயர்களை ஓடவிட்டோம். கலர் கலராக வயர் கொழும்பிலிருந்து வந்தது. கோடு போட்ட வயர்கள் மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு அக்கா வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு முனையிலும் கோட்டின் கலரில் நூல் சுற்றினார். அது மற்றவர்களுக்கு. எனக்காக அதே முனையில் முடிச்சுப் போட்டார். ஹெட்லைட்டுக்கு ஒரு முடிச்சு, ஹோர்னுக்கு இரண்டு, வைப்பருக்கு மூன்று. "இப்ப கண்ண மூடிக்கிட்டே கனெக்ஷன் குடுங்க, பாப்போம்" என்று சிரித்தார். மொத்த செட்டையும் நான் விரலால் படித்தேன்.

மழை விடாமல் பெய்த வாரங்கள் அவை. மூன்றாம் நாள் மாத்தயா சீட்டைப் பார்க்கிற சாக்கில் வந்தார். பலகையைப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, செட்டோடு வந்த தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகுப்பில் படிப்பதுபோல் சத்தமாகப் படித்தார். அவர் கலரைச் சொல்ல, அக்கா வயரை எடுத்துத் தர, நான் ஓடவிட்டேன். நான்கு மணிக்குப் பிளேன்டீ. என் வேலை வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் கிடையாது. அப்போது அது தெரியவில்லை. செட் சீக்கிரம் முடிய வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தது. பிரித்த சீட்டையும் அக்கா மறுபடி தைத்து முடித்திருந்தார். செட்டைக் காருக்குள் போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தடவை பார்த்தாயிற்று. பேட்டரியை இணைக்கும் நேரம் அக்கா போய் அதே டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, இறங்குங்க."

"மாட்டேன்."

"இறங்குங்கக்கா, புண்ணியமாப் போகும்."

"நீங்க கலர் பாக்கல. நான் பாத்தேன். தப்புன்னா அது என் தப்பு. அப்ப நான்தான் உக்காரணும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாத்தயா குடையோடு எழுந்து நின்றுவிட்டார். நான் இணைத்தேன். புகை இல்லை. அக்கா ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். முன் லைட் எரிந்தது. வைப்பர் அசைந்தது. ஹோர்னை அமுக்கினார். முப்பது வருடம் வாய் மூடிக்கிடந்த அந்த ஹோர்ன் கராஜ் முழுக்க அலறியது. மாத்தயா ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

முதல் ஓட்டத்துக்கு மாத்தயா சாவியை என்னிடமே கொடுத்தார். இரண்டு சீட்டில் ஒன்று எனக்கு, மற்றது அக்காவுக்கு. துணிக் கூரையை மடக்கிவிட்டு ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறினோம். பகல் பதினொரு மணிக்கும் மூடுபனி. லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றிருந்தார்கள். கார் நெருங்கியதும் ஒருத்தி, "ஏய், யாருடி அது? நம்ம ரீட்டாவா?" என்று கூவினாள். அக்கா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. சீட்டிலேயே எழுந்து நின்று, "நாந்தான்டி! சீட்டு நான் தச்சது!" என்றார். அவர்கள் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். "வயரு யாரு போட்டது?" என்று ஒரு அம்மா கேட்டார். "நாங்க ரெண்டு பேரும்" என்றார் அக்கா.

அதன் பிறகும் அக்கா நான்கு வருடம் என் பக்கத்தில் இருந்தார். கலர் சந்தேகம் வந்தால் முற்றத்தைத் தாண்டிப் போய் வயரை நீட்டுவேன். வாயில் ஊசி இருந்தால் விரலைக் காட்டுவார். ஒரு விரல் பச்சை, இரண்டு விரல் சிவப்பு. முழங்கால் வலி தாங்காமல் போனபோதுதான் மகள் மொனராகலைக்கு அழைத்துப்போனாள். போனில் எப்போதும் ஒரே குறை. "இங்க உக்காந்திருந்தாலே வேர்க்குது பாஸ். நம்ம பக்கத்து மழைய ஒரு பஸ்ல ஏத்தி அனுப்புங்க." அடுத்த மாதம் வருகிறேன் என்பேன். இரண்டு வருடமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் ஏறி இறங்கினால் மொனராகலை. போகாததற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அவர் அங்கே இருப்பார் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது அவருடைய கடையில் போன் திருத்துகிறார்கள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்காதபோது, மழைக்காக நிறுத்தியிருக்கிறார் என்று ஒரு நொடி தோன்றும். வயரை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று ஜெனிட்டா என்னிடம் கேட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அடக்கத்துக்குப் போன அன்று மொனராகலை பஸ் நிலையத்தில் இறங்கிப் பூக்கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். வாளி வாளியாக ரோஜா. முன்பென்றால் கையை ஏதோ ஒரு வாளியின் பக்கம் பொதுவாக நீட்டிவிட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அன்று எல்லோருக்கும் கேட்கும்படி கடைக்காரப் பெண்ணிடம் சிங்களத்தில் சொன்னேன்: "சிவப்பு ரோஜாவில் ஒரு மாலை வேண்டும் மகள். எனக்குக் கலர் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் ஒவ்வொரு பூவாக எடுத்து, "இது சிவப்பு, மாமா. இதுவும் சிவப்பு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே கட்டினாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிற அந்த வாய் அக்கா எனக்குக் கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். மாலையை அவருடைய காலடியில் வைத்தேன். என் கண்ணுக்குப் பூவும் இலையும் ஒரே நிறம்தான். ஆனாலும் அது சிவப்பு என்று எனக்குத் தெரியும். கேட்டுத்தான் வாங்கினேன்.